தண்ணீருக்குப் பிறகுதான் கேள்வி

லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த அந்த வீட்டை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. அதற்குப் பிறகு இரண்டு அறை மாறிவிட்டேன். ஆனாலும் பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே யாரோ கதிரையிலிருந்து எழும்பும் சத்தம் கேட்கும் என்று ஒரு கணம் நிற்கிறேன். யாரும் எழும்புவதில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேலே போகிறேன்.

அந்த அறை கிடைப்பதற்கு முன் ஃபாரஸ்ட் கேட்டில் தமிழர் வீடுகளில் மூன்று அறை பார்த்தேன். மூன்றிலும் முதல் கேள்வி, "ஊரில எந்த இடம்?" இடத்தைச் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" பக்கத்தையும் சொன்னால் முகம் ஒரு மாதிரியாகும். அறை நேற்றே போய்விட்டது என்பார்கள். இதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை. வழக்கம் அது. நாலாவதாக, ஒரு பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத் துண்டைப் பார்த்துப் பார்க்கிங்கில் ஒரு கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது உயரமான ஒரு கிழவர். ஆபிரிக்கர். வெள்ளைச் சேர்ட், கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. கதிரையைக் காட்டினார். "அறை பாக்க வந்தனான்" என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து வலது கையால் தந்தார். நான் குடித்து முடியும் வரை எதிரிலேயே நின்றார். கிளாசை வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இஞ்ச எல்லாம் அமைதி. வழியில வந்த ஆள் நீர். வந்த விஷயத்தைச் சொல்லும்."

அந்த வீட்டார் பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கிய மாதிரி என்னுடைய தமிழில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வழி தெரியாது.

"பஸ்ஸில வந்தனான்" என்றேன்.

"அதுக்கு முன்னம்?"

"ஃபாரஸ்ட் கேட்டில."

"அதுக்கு முன்னம்?"

மாடிப்படியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். மகள். "பப்பா, அவர் அறை பாக்க வந்தவர். அறையைக் காட்ட விடுங்கோ."

"அறை எங்க ஓடிப் போகப்போகுது?" என்றார் அவர்.

அன்று மாலையே என் பையைக் கொண்டுவந்துவிட்டேன்.

அவர்கள் கானாவில் குமாசிப் பக்கத்து ஆட்கள். மகளுக்கு ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். அவரை நான் சிஸ்டர் என்றேன், அவர் என்னைப் பிரதர் என்றார். தகப்பனை அவர் கூப்பிட்ட மாதிரியே நானும் பப்பா என்றேன். பப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. மறதி நோய் வந்து நாலைந்து வருடம். மனைவி செத்துப்போனது மறந்துவிட்டது. மகளைச் சில நாள் மகளாகத் தெரியும், சில நாள் தங்கச்சி என்பார். மாடிப்படி ஏலாது என்று முன்னறையிலேயே அவருக்குக் கட்டில் போட்டிருந்தது. மேலே இரண்டு அறை, ஒன்று சிஸ்டருக்கு, ஒன்று எனக்கு.

ஆனால் வாசலில் யார் வந்தாலும் கதிரை, பிறகு தண்ணீர், பிறகு வந்த விஷயம் கேட்பது என்ற வரிசை மட்டும் அவருக்கு மறக்கவில்லை. "எங்கட ஆக்களில அதுதான் முறை," என்று சிஸ்டர் சொன்னார். "தாகத்தோட வந்தவனிட்ட கேள்வி கேக்கிறது மரியாதை இல்லை. கேக்க முன்னம் வந்தவன் கதைக்கிறதும் மரியாதை இல்லை."

நான் சாமான் வாங்கும் தமிழ்க் கடைக்காரத் தம்பியிடம் வீடு மாறிவிட்டேன் என்று சொன்னபோது அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏன் அண்ணை, எங்கட ஆக்களின்ர அறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"பாத்தனான். அவை எந்தப் பக்கம் எண்டு கேட்டவை. அந்த மனுசன் தண்ணி தந்தவர்."

"தண்ணி எண்டா எந்தத் தண்ணி அண்ணை?" என்று கண்ணடித்தார்.

"பைப்புத் தண்ணி. நீ மல்லியை நிறு."

எனக்கு வேலை ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில். விடிய நாலு மணி ஷிப்ட், ஒரு மணிக்கு வீடு. சிஸ்டர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். பகல் பன்னிரண்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவார். காலையில் தகப்பனைக் குளிக்கவார்த்து, உடுப்புப் போட்டு, சோறும் மீன்குழம்பும் வைத்துவிட்டுப் போவார். ஒரு மணியிலிருந்து பப்பாவுக்கு நான். யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கீழே மனுசன் தனியே இருக்கும்போது மேலே போய்ப் படுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் அவருக்கு நான் புதிதாக வந்த ஆள். கதவைத் திறந்ததும் எழும்புவார். கதிரை. தண்ணீர். "இஞ்ச எல்லாம் அமைதி. வழியில வந்த ஆள் நீர்." வேலையிலிருந்து வந்தேன் என்றால் விடமாட்டார். அதுக்கு முன்னம், அதுக்கு முன்னம் என்று பின்னுக்கே போவார். அதனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கினேன். ஒருநாள் மன்னார்க் கரையிலிருந்து. ஒருநாள் கொழும்பில் லொட்ஜில் பதினொரு பேரோடு படுத்ததிலிருந்து. ஒருநாள் மொஸ்கோவில், குளிரில் சப்பாத்துக்குள் பேப்பர் திணித்து நடந்ததிலிருந்து. சிரிக்கிற இடத்தில் சரியாகச் சிரிப்பார். பொலிஸ் வருகிற இடத்தில் உச்சுக்கொட்டுவார்.

இந்தக் கதையை நான் முன்பு ஒரே இடத்தில்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். அது அகதி விசாரணையில். அங்கே எத்தனை முறை கேட்டாலும் ஒரே மாதிரிச் சொல்லவேண்டும். ஒரு கிழமை கூடினாலும் குறைந்தாலும் பொய் என்று எழுதிவிடுவார்கள். அதனால் பாடமாக்கி வைத்திருந்தேன். பப்பாவிடம் பாடம் தேவைப்படவில்லை. மழை பெய்தது என்று ஒருநாளும், வெயில் என்று மற்ற நாளும் சொல்லலாம். சொல்லச் சொல்ல, விசாரணையில் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. உக்ரேன் காட்டுக்குள் ஒருவன் எங்களுக்குப் பச்சை வெங்காயம் தந்தது. அதை அழுதுகொண்டு தின்றது. அழுதது வெங்காயத்தாலா வேறெதாலா என்று ஆளையாள் பகிடி பண்ணியது.

ஒருநாள் ஆறு கடந்த கதையை வேகமாகச் சொல்லி முடித்தேன். பப்பா கேட்டார்.

"மற்ற ஆள்?"

"எந்த ஆள் பப்பா?"

"உம்மோட வந்தவர்."

அப்படி ஒரு ஆள் இருந்தான். ஆற்றைக் கடக்கவில்லை. அவனைப் பற்றிப் பப்பாவிடம் எந்த நாளிலும் சொன்ன நினைவு எனக்கில்லை. ஒருவேளை சொல்லியிருப்பேன். ஒருவேளை வழியில் வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் அதைக் கேட்பாரோ, தெரியாது. அன்று அவனைப் பற்றிச் சொன்னேன். அடுத்த நாள் அவருக்கு அது ஒன்றும் நினைவில்லை. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

சிக்கல் அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்தது. சிஸ்டர் போகும் பன்னிரண்டுக்கும் நான் வரும் ஒன்றுக்கும் இடையில். மீட்டர் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறார். பப்பா கதவைத் திறந்து, கதிரை காட்டி, குசினிக்குள் போயிருக்கிறார். சிஸ்டர் கறை போக ஒரு கிளாசில் பிளீச் ஊற்றி சிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டார். மீட்டர்காரர் வாயருகே கொண்டுபோன பிறகுதான் மணத்தைப் பிடித்திருக்கிறார். நான் வரும்போது அவர் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். பப்பா அவருக்குப் பின்னால் நின்று, "அந்த மனுசன் இன்னும் குடிக்கேல்லை," என்று என்னிடம் கவலைப்பட்டார்.

இரண்டு கிழமையில் உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பப்பா வீட்டில் இருப்பது பாதுகாப்பா என்று பார்க்க ஒரு ஆள் வருவார். பாதுகாப்பில்லை என்றால் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேசவேண்டும்.

அந்தக் கிழமை முழுக்கப் போன். குமாசியிலிருந்து சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் வந்து, எங்கட குடும்பத்தில ஆர் தகப்பனை அப்பிடிக் குடுத்தது என்று கேட்டார்கள். தேவாலயத்துப் பெண்கள் வந்து சுற்றி நின்று செபித்தார்கள். பப்பா அவர்கள் எட்டுப் பேருக்கும் தண்ணீர் கொடுத்து எட்டுப் பேரிடமும் வந்த விஷயம் கேட்டார். அவர்கள் போன பிறகு சிஸ்டர் படியில் இருந்துகொண்டு சொன்னார்.

"நான் வேலை செய்யிற இடம் நல்ல இடம் பிரதர். அங்க இருக்கிறவையும் நல்ல ஆக்கள். நானே கழுவித் துடைக்கிறன், எனக்குத் தெரியும். ஆனா அங்க பப்பா ஆருக்குத் தண்ணி குடுப்பார்? வாறவை எல்லாரும் அவருக்குத்தான் குடுப்பினம். அவர் வீட்டுக்காரன். அவரை விருந்தாளி ஆக்கினா அடுத்த மாசமே போயிடுவார்."

கவுன்சில் ஆள் வருவதாகச் சொன்ன நாளில் சிஸ்டர் லீவு எடுத்தார். நான் ஒரு மணிக்கு வந்தபோது வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. குசினிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். கிளாஸ், கப், போத்தல் ஒன்றும் வெளியில் இல்லை.

"இண்டைக்கு மட்டும் தண்ணி விளையாட்டு வேண்டாம்," என்றார். "வாற ஆளின்ர கண்ணில ஒரு கிளாஸ் படக்கூடாது."

எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தகப்பன் அவருடையவர். நான் வாடகைக்கு இருப்பவன். படியில் போய் இருந்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு இளம் பெண் வந்தார். முப்பது வயதுக்குள். மடியில் லாப்டொப்பை விரித்துக்கொண்டு, "ஹலோ, உங்கட பெயரும் பிறந்த திகதியும் சொல்லுவீங்களோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

பப்பா எழும்பிக் குசினிக்குப் போனார். கதவு திறக்கவில்லை. குலுக்கினார்.

"பப்பா, வந்து இருங்கோ," என்றார் சிஸ்டர்.

"ஆள் வந்திருக்கு."

"ஓம் தெரியும். இருங்கோ."

"ஆள் வந்திருக்கு!"

டிவிக்குக் கீழே இருந்த லாச்சியை இழுத்தார். உள்ளே இருந்ததெல்லாம் நிலத்தில் கொட்டியது. அலுமாரியைத் திறந்தார். தன் ட்வி மொழியில் கத்தினார். சிஸ்டர் போய்ப் பிடிக்க, கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கின கை அப்படியே நின்றது. அவருக்கே அந்தக் கை யாருடையது என்று தெரியாத மாதிரி.

"இப்பிடி அடிக்கடி கை ஓங்குவாரோ?" என்று கேட்டார் கவுன்சில் பெண்.

"இல்லை. ஒருநாளும் இல்லை," என்றார் சிஸ்டர். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் பொய் மாதிரித்தான் கேட்டது. அந்தப் பெண் டைப் பண்ணத் தொடங்கினார்.

நான் மேலே ஓடிப்போய் என் அறையிலிருந்த கிளாசைக் கழுவி, பாத்ரூம் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் அதைப் பப்பாவின் கையில் கொடுத்துவிட்டேன்.

மனுசன் நிமிர்ந்தார். சேர்ட்டை இழுத்துவிட்டார். நடந்துபோய் வலது கையால் அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"நன்றி, எனக்கு வேண்டாம்."

பப்பா அசையவில்லை. நீட்டினபடியே நின்றார். அந்தப் பெண் கிளாசைப் பார்த்தார், பிறகு லாப்டொப்பைப் பார்த்தார். அதற்குள் மீட்டர்காரரின் முறைப்பாடு இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"மிஸ், ஒரு நிமிஷம்," என்று கிளாசைப் பப்பாவின் கையிலிருந்து வாங்கினேன். அதில் விஷமில்லை என்று காட்டவேண்டும். வாய் வைத்துக் குடித்தால் எச்சில். அவருக்கு எப்படிக் கொடுப்பது? ஊரில் குடிப்பது மாதிரித் தலையை நிமிர்த்தி, வாய் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினேன். இருபது வருடமாகப் பழக்கம் விட்டுப்போச்சு. பாதி மூக்குக்குள், பாதி சேர்ட்டில். புரையேறி இருமினேன்.

"அது உமக்கில்லை," என்றார் பப்பா கோபமாக.

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலில் சிரிப்பு, பிறகு கண்ணைத் துடைத்தார். கவுன்சில் பெண்ணும் சிரித்துவிட்டார்.

"இது என்ன, செக் பண்ணுறீங்களோ?"

"ஓம் மிஸ். வாய் படேல்லை. நம்பிக் குடியுங்கோ."

கிளாசை வாங்கி மூன்று மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "முழுக்க," என்றார் பப்பா. முழுக்கக் குடித்தார். பப்பா கிளாசை வைத்துவிட்டுத் தன் கதிரையில் உட்கார்ந்தார். கத்தின மனுசன் இவர்தானா என்று கேட்கும்படி இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இவவிட்டச் சொல்லும், இஞ்ச எல்லாம் அமைதி. வழியில வந்தது இவ. என்ன விஷயமா வந்தவ எண்டு கேளும்."

பெரிய விஷயம் என்றால் தங்கள் ஆட்கள் நேரே பேசுவதில்லை, நடுவில் ஒரு ஆள் வைத்துத்தான் பேசுவார்கள் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். பப்பா பேசியதும் இங்கிலீஷ், அந்தப் பெண்ணுக்கும் அது நன்றாகக் கேட்டது. ஆனாலும் நான் என் உடைந்த இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன். அவர் பப்பாவைப் பார்த்துப் பதில் சொல்ல வாயெடுத்தார். பப்பா கையை உயர்த்தி என்னைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"அவர் இந்த வீட்டில இருக்கிறது பாதுகாப்போ எண்டு பாக்க வந்தனான். அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"ஆருக்குப் பாதுகாப்பு?" என்று கேட்டார் பப்பா.

"அவருக்கு. மற்றவைக்கும்," என்றார் அந்தப் பெண்.

பப்பா தலையை ஆட்டினார். "மறைக்காமல் சொல்லுறா. நல்லது. இனிக் கேக்கலாம்."

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் கேள்விகளெல்லாம் என் வழியாகவே போய் வந்தன. என்ன வருடம் என்றதற்கு முப்பது வருடத்துக்கு முந்தின ஒன்றைச் சொன்னார். பிரதமர் யார் என்றதற்கு, "அவையள் மாத்தி மாத்தி வைக்கினம். ஒரு ஆள் நிலைச்ச பிறகு வந்து கேக்கச் சொல்லும்," என்றார். இது யார் என்று சிஸ்டரைக் காட்டினால், என்ர தங்கச்சி. என்னைக் காட்டினால், வழியில வந்த ஆள். வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? "வெளியில போய், பாக்க வாறவைக்குக் கதிரை போடுவன்."

மதிப்பெண் போட்டால் பூச்சியம்தான். ஆனால் அந்தப் பெண் டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது சிஸ்டரிடம், "குசினியை ஏன் பூட்டினனீங்கள்?" என்று கேட்டார்.

"பயத்தில."

"பூட்டவேண்டியது சிங்குக்குக் கீழ இருக்கிற அலுமாரியை. தண்ணிக் கிளாசை வெளியிலதான் வைக்கவேணும். நீங்களும் இதே வேலைதானே செய்யிறனீங்கள்?"

"அங்க எனக்கு எல்லாம் தெரியும்," என்றார் சிஸ்டர். "இஞ்ச நான் மகள்."

கடிதம் வந்தது. பப்பா வீட்டில் இருக்கலாம். காலையிலும் மாலையிலும் உதவிக்கு ஆள் வரும். ஆனால் ஒரு மணித்தியாலம்கூடத் தனியே விடக்கூடாது, குடும்பத்தில் இன்னொருவர் வீட்டோடு இருக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர் கணக்கில் வராது. பெர்மிங்ஹாமில் சிஸ்டருடைய பெரியப்பா மகள் ஒருவர் இருந்தார், அறுபது வயது, கணவர் இல்லை. அவர் வரச் சம்மதித்துவிட்டார். வந்தால் படுக்க ஒரு அறை வேண்டும்.

சிஸ்டர் மூன்று நாளாக என் கண்ணைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் படியில் வைத்து, "பிரதர், நான் எப்பிடிக் கேக்கிறது எண்டு..." என்று தொடங்கினார்.

"பையைக் கட்டியாச்சு சிஸ்டர். நேற்றே."

"அவ்வளவு அவசரமோ?"

"எனக்கு இது பழக்கம்."

ஹரோவில் ஒரு அறை கிடைத்தது. போன நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. பெர்மிங்ஹாம் அக்கா பப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லிக்கொண்டு வெளிக்கிடப் போனேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்பிடிப் போகக்கூடாது. வீட்டுக்காரனிட்ட வழி கேட்டு, அவர் தந்த பிறகுதான் போகவேணும்."

"பப்பா, நான் போகப்போறன். வழி தாங்கோ."

"எங்க?"

"ஹரோ. மெட்ரோபொலிட்டன் லைன் ரெயில்."

"அந்தப் பெட்டியள் முப்பது வருஷம் நான் கழுவினது," என்றார். அவர் என்ன வேலை செய்தவர் என்று எனக்கு அன்றுதான் தெரியும். "சீற்றுக்குக் கீழ பாத்து இரும். குடை கிடக்கும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதி வழி தாறன்," என்றார்.

"பாதியோ?"

"முழுக்கக் குடுத்தா போற ஆள் திரும்பி வராது," என்றார் சிஸ்டர். "அதுதான் பாதி."

நான் இருந்த இடங்களிலெல்லாம் முழு வழியையும் தந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். இதை எப்படி வாங்குவது என்று தெரியாமல் நின்றேன். ரெயிலுக்கு நேரமாகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு போய் வந்தேன். கடைசியில் பப்பாவுக்கு எழும்ப ஏலாமல் போனது. பேச்சும் குறைந்தது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தால் என் சேர்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பார். பதினாலு மாதம் அப்படிப் போய் வந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, களஞ்சியத்தில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"வீட்டிலதான் பிரதர்," என்றார். "முன்னறையிலதான். நான் பக்கத்தில இருந்தனான்."

செத்துப்போனார் என்று பிறகுதான் சொன்னார்.